குத்தாலிங்கம் முகம் கட்டிக்கொண்ட கதை

தென்காசிப் பக்கம் அப்போது எல்லாரும் முகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு கட்டுவதைச் சொல்வது போலத்தான் அதையும் சொன்னார்கள். ‘மாமா முகம் கட்டிட்டாரு, அத்தைக்கு அடுத்த மாசம்’ என்று.

விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். அதை ஆஸ்பத்திரியிலேயே வைத்து வளர்ப்பார்கள். பிறகு நமது பழைய போட்டோ ஒன்றைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, அதில் எங்கெங்கே சதை இருந்ததோ அங்கங்கே முகத்துக்குள் ஊட்டிவிடுவார்கள். அது உயிருள்ள சதை. ஒட்டிப்போன கன்னம் மேடாகும், கண்ணுக்கடியில் விழுந்த குழி தூரும், தொங்கின தோல் இழுத்துக்கொள்ளும். போட்டோவில் இருந்த அளவு வந்ததும் வளர்ச்சி தானாக நின்றுவிடும். அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறவர்கள் முகத்துக்கும் சேர்த்தே நாள் குறித்தார்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் சுவரொட்டியில் இருந்த வயசுக்கு நேரிலும் வந்து சேர்ந்தார்கள்.

குத்தாலிங்கத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எதில்தான் இருந்தது? பாக்கெட் பாலை நம்பமாட்டார், கடையில் அரைத்த மாவை நம்பமாட்டார், டாக்டர் சிரித்துப் பேசினால் அன்றைக்குப் பூராவும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆயுசு முழுக்க டயர் கடை வைத்திருந்தவர். முகம் கட்டினவர்கள் எதிரே வந்தால், “என்ன வே, எத்தனை பவுண்டு காத்து அடிச்சீரு?” என்று நேராகவே கேட்டுவிடுவார். கட்டினவர்கள் அவரைக் கண்டால் சந்து பார்த்துத் திரும்பினார்கள்.

அப்படிப்பட்ட மனுஷன் எழுபத்தெட்டு வயசில் முகம் கட்டிக்கொண்டார். காரணம், அவர் பெண்டாட்டி உலகம்மாள் சோறு தின்ன மறுத்தாள்.

உலகம்மாளுக்கு மறதி நோய். குற்றாலம் ரோட்டில் மறதிக்காரர்களுக்கு என்று ஒரு இல்லம் இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவள் அடிக்கடி நடந்து போய்விட்டதால் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். குத்தாலிங்கம் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு போவார். அவளுக்கு அவரை அடையாளம் தெரியாது. அவள் கணக்கில் அவளுக்கு முப்பது, முப்பத்தைந்து வயசு. எதிரே வந்து உட்காருகிற கிழவர் யாரோ இரக்கப்பட்ட மனுஷர். ‘பாட்டையா’ என்று கூப்பிடுவாள்.

முதல் தடவை கட்டின பெண்டாட்டி வாயால் ‘பாட்டையா’ என்று கேட்டபோது குத்தாலிங்கம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். பிறகு பழகிவிட்டது. பழகினது மட்டுமா? பிடித்தும் போனது. அதற்குக் காரணம் உண்டு.

“என்ன பாட்டையா, இன்னைக்கும் ரசமா? நீங்களே வச்சதா?”

“நானேதான் தாயி.”

“புளியைக் கண்ணுல காட்டிட்டு எடுத்து வச்சிட்டீயளோ? உங்க வீட்டுல ஆச்சி இல்லியா?”

“இருக்கா. கொஞ்சம் கோவத்துல இருக்கா.”

“பின்ன இந்த ரசத்தைக் குடிச்சா கோவம் வராம கொஞ்சவா செய்வா?”

சிரிப்பாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தோள் குலுங்கச் சிரிப்பாள். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார், இவளுக்குள் இத்தனை கேலி இருந்தது குத்தாலிங்கத்துக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குள் வந்தால் அவள் எழுந்து நிற்பாள். கேட்டால் பதில் சொல்வாள். அவர் கேட்டதும் குறைவு. இப்போதோ புருஷனைப் பற்றியே அவரிடம் வாய் ஓயாமல் பேசினாள்.

“எங்க வீட்டுல அவிய சாப்பிடுததைப் பாக்கணுமே பாட்டையா. குனிஞ்ச தலை நிமிராது. தட்டுக்குள்ள எதையோ தொலைச்சவிய மாதிரி தேடிக்கிட்டே தின்பாவ. நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டாவ, நாசமாப் போச்சுன்னும் சொல்ல மாட்டாவ. உப்பே போடாம ஒருநாள் வச்சுப் பாத்தேன். அதையும் தின்னுட்டு கையைக் கழுவிட்டுப் போயிட்டாவ!”

“மோசமான பயலா இருக்கானே.”

“ஏய், அவியளைச் சொல்லாதீங்க. நான்தான் சொல்லலாம்.”

இவ்வளவு பேசுகிறவள் சோற்றுத் தட்டை வைத்தால் மட்டும் வாசலைப் பார்ப்பாள். “அவிய இன்னும் சாப்பிடலியே பாட்டையா. நான் எப்படித் தின்னுவேன்?” அவர் கெஞ்சினால் மரியாதைக்கு இரண்டு வாய். அதோடு சரி. புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே தட்டில் போட்டுத் தின்றுதான் அவளுக்குப் பழக்கம். மற்றது எல்லாம் மறந்துபோன தலைக்குள் அந்தப் பழக்கம் மட்டும் ஆணி அடித்தது போல நின்றது.

“உன் வீட்டுக்காரன் கடையிலயே தின்னுட்டானாம்” என்று குத்தாலிங்கம் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

“யாரு, அவியளா? வெளிய கை நனைக்கித ஆளா அவிய? ஆளை வச்சுப் பேசுங்க பாட்டையா.”

அவள் நாளுக்கு நாள் வற்றினாள். கையில் கிடந்த ஒற்றை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. இல்லத்து டாக்டர் நஸ்ரின் ஒருநாள் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கடையநல்லூர்ப் பெண். சிரிக்காமல் பேசுவாள் என்பதால் குத்தாலிங்கத்துக்கு அவள்மேல் கொஞ்சம் மதிப்பு.

“ஐயா, இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் கஞ்சி ஊத்தணும். அதை அவங்க பிடுங்கிடுவாங்க. பிடுங்காம இருக்கக் கையைக் கட்டிப் போடணும்.”

“கையைக் கட்டவா? யாரு கையை யாரு கட்டுதது?”

“அதுக்குத்தான் வேற வழி சொல்றேன். நீங்க முகம் கட்டிக்கிடுங்க.”

குத்தாலிங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“அவங்க உங்களை மறக்கலைய்யா. உங்களைத்தான் தேடிக்கிட்டே இருக்காங்க. தேடுற ஆளு எதிர்லயே உக்காந்திருக்கிறது தெரியல, அவ்வளவுதான். அவங்க நிக்கிற காலத்துல உங்க முகம் வேற. அந்த முகத்தோட வந்து நீங்க ஒரு வாய் சாப்பிட்டா, அவங்களும் சாப்பிடுவாங்க.”

“பொய் முகத்தை ஒட்டிக்கிட்டு வந்து பெண்டாட்டியை ஏமாத்தச் சொல்லுத.”

“பொய் இல்ல. உங்க சதை, உங்க முகம். நடுவுல கரைஞ்சு போனதைத் திரும்ப வைக்கிறோம்.”

“அது உள்ள போய் என்ன செய்யும்னு யாரு கண்டா? மூக்குக்குப் பதிலா காது வளந்துட்டா?”

“வளந்தா நான் வெட்டி எடுக்கிறேன். முகமே பிடிக்கலேன்னா கரைக்கிறதுக்கும் ஒரு ஊசி இருக்கு. சம்மதமா?”

கட்டிப் போடப்போகிற அந்தக் கைகளை நினைத்துக் குத்தாலிங்கம் சம்மதித்தார்.

போட்டோ தேடும்போதுதான் சிக்கல். உலகமே தன்னைத் தானே போனில் படம் எடுத்துத் தள்ளின காலத்திலும், யாராவது போனைத் தூக்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் அவர். கிடைத்தது டிரைவிங் லைசென்ஸ் போட்டோ ஒன்றுதான். எதிரே இருப்பவன் கழுத்தைக் கடிக்கப் போகிறவன் போல அதில் முறைத்துக்கொண்டிருந்தார்.

“சிரிச்ச மாதிரி ஒண்ணும் இல்லியா?” என்றாள் நஸ்ரின்.

“சிரிச்சிருந்தால்லா இருக்கும்?”

அந்தப் படத்தின்படியே சதை வளர்ந்தது. வாரங்கள் போனதும் கண்ணாடியில் பார்த்தால் முப்பத்தாறு வயசு முறைப்பு திரும்பிப் பார்த்தது. கழுத்துக்குக் கீழே கிழவன், மேலே முரட்டு இளந்தாரி. தலைக்கு நஸ்ரினே மை பூசிவிட்டாள். சென்னையில் இருக்கிற மகள் செண்பகம் வீடியோவில் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, “யப்பா, என்னைவிட இளசா இருக்கீங்க. உங்களை அப்பான்னு கூப்பிட எனக்கே கூச்சமா இருக்கு” என்றாள். அவளுக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. சின்ன வயசில் பயந்து ஒதுங்கின முகம் அது.

முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டிக்கொண்டு குத்தாலிங்கம் இல்லத்துக்குப் போனார். நர்ஸ் எஸ்தர் கதவைத் திறந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் அவரைப் பார்த்தாள். அடுத்த நொடி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

“வந்திட்டீயளா” என்றாள். குரலே மாறிவிட்டது. மெல்லிய, தரையைப் பார்த்துப் பேசுகிற குரல்.

தட்டு வைத்தாள். எஸ்தர் கொண்டுவந்து தந்த சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. குத்தாலிங்கம் சாப்பிட்டு எழுந்தார். அவள் அதே தட்டின் முன்னால் உட்கார்ந்து, போட்டுக்கொண்டு, மிச்சமில்லாமல் தின்றாள். கதவுக்கு வெளியே நஸ்ரின் எஸ்தரின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். குத்தாலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். வளையல் முழங்கையிலிருந்து கீழே இறங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். குத்தாலிங்கத்துக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு இல்லை. ரசத்தைக் கேலி செய்ய ஆள் இல்லை. ‘பாட்டையா’வாக இருந்தபோது கிடைத்த பெண்டாட்டி, புருஷனானதும் காணாமல் போய்விட்டாள். கட்டின சதைக்குள்ளே இருக்கிறவனுக்கு எழுபத்தெட்டு வயசு. அவனுக்குப் பேச்சு வேண்டியிருந்தது.

ஒருநாள் அவரால் பொறுக்க முடியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவின பிறகு போகாமல் நின்றார். அவள் தட்டை எடுக்கக் குனிந்தபோது கேட்டுவிட்டார்.

“ஏளா, நீ சாப்பிட்டியா? உனக்கு இருக்கா?”

உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கண் விரிந்தது. தட்டு கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் ஒரு பருக்கை தின்னவில்லை. சாயங்காலம் எஸ்தர் பழத்தை நீட்டியும் தலையை ஆட்டிவிட்டாள்.

“என்ன தாத்தா செஞ்சீங்க?” என்று எஸ்தர் கேட்டாள்.

“சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“முன்னால எல்லாம் கேப்பீங்களா?”

குத்தாலிங்கம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். எஸ்தருக்குப் புரிந்துவிட்டது.

நஸ்ரின் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “முகம் மட்டும் பத்தாது போலய்யா. அவங்களுக்குத் தெரிஞ்ச ஆளு அப்படிக் கேக்க மாட்டாரு. கேட்டதும் யாரோன்னு பயந்துட்டாங்க. நீங்க பழைய மாதிரியே இருங்க. வாங்க, சாப்பிடுங்க, போங்க. ஒரு வார்த்தை வேண்டாம்.”

அப்படியே செய்தார். மறுநாள் போனார், குனிந்து தின்றார், கையைக் கழுவினார், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தார். தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. தின்கிறாள். பேசாமல் இருந்தால் தின்கிறாள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள் முகத்தை என்று நினைத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. சாரலில் நனைந்து போய்த் தலையைத் துவட்டின ஒரு மத்தியானம் எஸ்தர் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

“தாத்தா, ஒண்ணு சொல்லணும். நீங்க போன பிறகு ஆச்சி பாதிச் சோத்தைத் தனியா எடுத்து மூடி வைக்கிறாங்க. எங்க யாரையும் தொட விட மாட்டேங்குறாங்க. பாட்டையாவுக்காம்.”

“எந்தப் பாட்டையா?”

“உங்களுக்குத்தான். பழைய உங்களுக்கு. ‘அவரு வந்து ரொம்ப நாளாச்சு, செத்துகித்துப் போயிட்டாரா எஸ்தரு?’ன்னு கேட்டு அழுவுறாங்க. எடையும் திரும்ப இறங்குது.”

குத்தாலிங்கம் நேராக நஸ்ரின் அறைக்குப் போனார்.

“எறக்கு” என்றார்.

“எதைய்யா?”

“இந்த மூஞ்சியை. கரைக்கிறதுக்கு ஒரு ஊசி இருக்குன்னு சொன்னியே.”

“இருக்கு. ஆனா உங்க வயசுக்கு ரெண்டாந்தடவை கட்ட முடியாது. இப்பக் கரைச்சா அவ்வளவுதான். திரும்ப அவங்க சாப்பிடாமப் போனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. குழாய்தான், கட்டுதான். யோசிச்சுச் சொல்லுங்க.”

“அவ அழுதாளாம்ல.”

“அழுதாலும் சாப்பிடுறாங்கய்யா.”

“பாதிதான் தின்னுதா. மீதிப் பாதியை எனக்கு எடுத்து வச்சிருக்கா. நான் போய்த் தின்னாண்டாமா?”

நஸ்ரின் போனை எடுத்தாள். மகளிடம் கேட்டாள். செண்பகம் முதலில் கத்தினாள், பிறகு, “அப்பா இஷ்டம்” என்றாள்.

சில நாளில் சதை கரைந்தபோது தோல் முன்பைவிட மோசமாகத் தொங்கியது. இழுத்துப் பிடித்திருந்தது விட்டுப்போனால் வேறென்ன ஆகும்? தலையில் மை பாதியும் வெள்ளை பாதியும். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு குத்தாலிங்கம் இல்லத்துக்குப் போனார். வாசல்படியில் கால் கொஞ்சம் தயங்கியது.

“பாட்டையா!”

உலகம்மாள் ஓடிவரவில்லை, முடியாது. ஆனால் கை இரண்டையும் நீட்டிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள். “எங்க போய்த் தொலைஞ்சீய? ஒரு சொல்லு சொல்லிட்டுப் போகக் கூடாது? மூஞ்சியெல்லாம் இப்படி வத்திக் கெடக்கு! ஆச்சி சோறு போடலியா?”

“கொஞ்சம் மேலுக்குச் சரியில்ல தாயி.”

“உக்காருங்க. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்.”

அன்றைய சோற்றைப் போட்டு மூடியிருந்த கிண்ணத்தைத் திறந்து தட்டில் கொட்டினாள். அவர் தின்னத் தின்னப் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை சொன்னாள்.

“அவிய வந்தாவ பாட்டையா. தெனமும் வந்தாவ. நீங்க பாத்திருக்கணும்.”

“பேசினானா?”

“அவியளா? தட்டுக்குள்ளதான் தேடுவாவளே.” சிரித்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒருநாள் கேட்டாவ.”

“என்ன கேட்டான்?”

“நீ சாப்பிட்டியான்னு. உனக்கு இருக்கான்னு.”

குத்தாலிங்கத்தின் கை தட்டிலேயே நின்றது.

“எனக்கு என்ன செய்யன்னே தெரியல. மூலையில போய் உக்காந்துக்கிட்டேன். யாராவது பாத்தா சிரிப்பாவளேன்னு சுவரைப் பாத்துக்கிட்டேன். அன்னைக்குச் சோறே எறங்கல பாட்டையா. பசியே இல்ல. வயிறு ரொம்பினாப்ல இருந்துச்சு.”

“பயந்துட்டியோ?”

“எதுக்குப் பயப்படணும்? புருசன்தானே கேட்டாவ.” சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டாள். “மறுநாளும் கேப்பாவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்கல. அதுக்கு மறுநாளும் கேக்கல. என்ன தப்பு செஞ்சேன்னு தெரியல. இப்ப வாரதும் இல்ல.”

சன்னலுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குத்தாலிங்கம் தண்ணீர் குடித்தார்.

“தாயி, நான் இப்ப அவனைப் பாத்துட்டுத்தான் வாரேன்.”

“அவியளையா? எங்க?”

“வழியில. அவன் வயிறாரச் சாப்பிட்டாச்சு. வேலையா இருக்கான், வர முடியல. என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னான்.”

“என்ன கேக்கச் சொன்னாவ? அப்படியே சொல்லுங்க. மாத்தாம சொல்லுங்க.”

குத்தாலிங்கம் அவளைப் பார்த்தார். குனியாமல் பார்த்தார். “ஏளா, நீ சாப்பிட்டியான்னு கேட்டான்.”

உலகம்மாள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி அவர் கையை நீட்டினார். தலைப்பை விலக்கினபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் தின்று வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கழுவவில்லை. அப்படியே அதில் தூக்குச்சட்டிச் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

“சாப்பிட்டுட்டேன்னு போய்ச் சொல்லுங்க.”

“மொதல்ல தின்னு. தட்டு காலியானதைக் கண்ணால பாக்காம நான் சொல்ல மாட்டேன்.”

“நாளைக்கும் கேக்கச் சொல்லுவாவளா பாட்டையா?”

“சொல்லுவான்.”

“தெனமும்?”

“தெனமும்.”

“அப்போ இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க” என்றாள் உலகம்மாள்.